‘டியூரே’யைக் ‘கால அளவு’ என்று தமிழாக்கலாமா?

திண்ணைக்காரன்:
நேற்று யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் பிரெஞ்சு மெய்யியலாளர் பெர்க்சன் பற்றிய கட்டுரை ஒன்று வாசித்தோம். நாம் உள்ளே உணர்கிற காலத்துக்கு அவர் வைத்த ‘டியூரே’ என்ற சொல்லை மொழிபெயர்ப்பாளர் ஒரு இடம் விடாமல் ‘கால அளவு’ என்று போட்டிருக்கிறார். எனக்குச் சரியான எரிச்சல். அளக்க வெளிக்கிட்டால் அது கைநழுவிவிடும் என்பதுதானே 1889இல் வந்த அவருடைய ஆய்வேட்டின் அடிப்படையே! மணிக்கூட்டில் நாம் பார்ப்பது முள் கடந்த தூரத்தை. உள்ளே ஓடுகிற காலமோ ஒன்றுக்குள் ஒன்று கலந்து ஓடுகிறது, வெட்டிப் பிரிக்க ஏலாது. 1907இல் வந்த நூலில் சீனியை உதாரணம் காட்டுகிறார்: தண்ணீரில் சீனி கரையும்வரை நான் பொறுத்திருந்தே ஆகவேண்டும், என் அவசரத்துக்கு அது கரையாது. இதில் அளவு எங்கே வந்தது? ‘நீடிப்பு’ என்று போட்டிருக்கலாம்.

கணக்குவாத்தி:
பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கிற ஊரில் சீனி கரையட்டும் என்று யார் தம்பி காத்திருக்கிறது?
சரி, விஷயத்துக்கு வருகிறேன். ‘ஒருநாள் எழுநாள்போல் செல்லும்’ (குறள் 1269). தூரம் போனவன் வரும் நாளை எண்ணி ஏங்குகிறவளுக்கு ஒரு நாள் ஏழு நாள். அந்த ஏக்கம் எவ்வளவு நீளம் என்று சொல்ல வள்ளுவருக்கே ஒன்றும் ஏழும் தேவைப்பட்டிருக்கிறது. முல்லைப்பாட்டிலும் தலைவி வீட்டில் காத்திருக்க, அரசனின் பாசறையில் நீர் வட்டிலைப் பார்த்து நாழிகை சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அளவு இல்லாமல் ‘நீண்டது’ என்ற சொல்லுக்கே பொருள் இல்லை. 1922 ஏப்ரல் 6ஆம் திகதி பாரிசில் ஐன்ஸ்டைன் பெர்க்சனின் முகத்துக்கு நேரே சொன்னதும் இதுதான்: மெய்யியலாளருக்கென்று தனியாக ஒரு காலம் கிடையாது. அதே ஆண்டு பெர்க்சன் வெளியிட்ட நூலில் சார்பியலைப் பிழையாகவும் விளங்கியிருந்தார்.

திண்ணைக்காரன்:
பிழை விட்டவர்தான், மறுக்கவில்லை சேர். ஆனால் நீங்கள் அந்த அதிகாரத்தின் ஒன்பதாம் குறளை எடுத்துக்கொண்டு முதலாவதை விட்டுவிட்டீர்கள். ‘நாளொற்றித் தேய்ந்த விரல்.’ அவன் போன நாள்களைச் சுவரில் குறித்து, தொட்டுத் தொட்டு எண்ணியதில் விரல் தேய்ந்துபோயிற்று. எண்ணிக்கை சுவரில் கிடக்கட்டும். தேய்ந்தது விரல். பெர்க்சன் பேசுவது அந்த விரலைப் பற்றி.

மேளச்சமா:
இன்னொரு பிரெஞ்சு மெய்யியலாளர் பஷ்லாரை ஏன் இருவருமே மறந்தீர்கள்? 1936இல் பெர்க்சனுக்கு மறுப்பாகவே ஒரு நூல் எழுதினார். நீடிப்பு தானாக ஓடுவதில்லை, தட்டும் இடைவெளியுமாக நாம் கட்டி எழுப்புவது என்பது அவர் கட்சி. நாதஸ்வரத்தையும் தவிலையும் நினைத்துப் பாருங்கள். ஒரு சுரம் அடுத்ததில் கரைகிறது என்று மெட்டை உதாரணம் காட்டிய பெர்க்சன் நாதஸ்வரக்காரர். பஷ்லார் தவில்காரர். நல்லூர்த் திருவிழாவில் தனி வாசிக்கும்போது கவனியுங்கள். தவிலில் கை விழாத இடத்தில்தான் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்த வெற்றிடம் இல்லாவிட்டால் தாளமே இல்லை. என்னைக் கேட்டால் இரண்டு பேரும் ஒரே மேடையில் இருக்கவேண்டியவர்கள், ஆனால் பஷ்லாருக்குச் சம்பளம் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

அரைமணி:
சேர், அளவு அளவு என்கிறீர்கள். யாருடைய அளவு? 1996 மே மாதம் மின்சாரம் மிச்சம் பிடிக்க இலங்கை அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது, ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்தது. புலிகளின் பகுதி பழைய நேரத்திலேயே நின்றது. 2002இல் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை திறந்த பிறகு, புலிகளின் பகுதியான கிளிநொச்சியில் இருந்த அம்மாவைப் பார்க்க, இரு பகுதிக்கும் நடுவில் சோதனைச் சாவடி இருந்த முகமாலையால் போவேன். இந்தப் பக்கம் பத்து மணி, அந்தப் பக்கம் ஒன்பதரை. சோதனை வரிசையில் பையைத் திறந்து, மூடி, திரும்பத் திறந்து நின்ற நேரம் எந்த மணிக்கூட்டிலும் இல்லை.

கணக்குவாத்தி:
பிள்ளை, அது என் பக்கத்துக்கு வாதம். இரண்டு மணிக்கூடும் எவ்வளவு வித்தியாசம் என்று சரியாகச் சொல்கிறீர்கள்தானே, அரை மணித்தியாலம்! கணக்குத் தெரிந்தபடியால்தான் அந்த அபத்தமே தெரிகிறது.

திண்ணைக்காரன்:
சேர் விடமாட்டார். அக்கா, அம்மா எந்த நேரத்தில் இருந்தவ?

அரைமணி:
பழைய நேரத்தில்தான் தம்பி. சுவர் மணிக்கூட்டில் நான் கை வைக்கப்போனாலும் விடமாட்டா. 2006 ஏப்ரலில் அரசாங்கமும் பழைய நேரத்துக்கே திரும்பியது. முள்ளைத் தொடாமலே அம்மாவின் மணிக்கூடு சரியாகிவிட்டது. ‘பார்த்தியா’ என்று சிரித்தா. அந்த ஓகஸ்டில் பாதையைப் பூட்டினார்கள். அங்கேயும் இங்கேயும் ஒரே நேரம்; போகத்தான் வழியில்லை.