அச்சுப்பொறித் துறையில் செருகும் ஒலிக்கருவிக்கு ஒரு பெயர்

கணினி தரும் எண்களைக் காதில் கேட்கும் ஒலியாக மாற்றும் கோவாக்ஸ் நிறுவனத்தின் ‘ஸ்பீச் திங்’ போன்ற கருவிகளையும் ‘ஒலி அட்டை’ என்றே சொல்லிவிடலாம் என்னும் கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. 1987இல் வந்த ஆட்லிப், 1989இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் ஆகியவை கணினியைத் திறந்து தாய்ப்பலகையில் செருக வேண்டிய அட்டைகள். அவற்றுக்கு அப்பெயர் பொருந்தும். ஸ்பீச் திங்கோ, பெட்டியைத் திறக்காமலே, பின்புறம் அச்சுப்பொறிக்கென உள்ள இணைத்துறையில் (parallel port) மாட்டும் சிறு முனை.

ஸ்பீச் திங்கின் உள்ளே இருப்பது பெரும்பாலும் மின்தடைகளே. துறையின் 2 முதல் 9 வரையான ஊசிகளில் வரும் எட்டு பிட்டுகளும், ஒவ்வொன்றும் தனக்குக் கீழுள்ளதைப் போல இருமடங்கு வலுவுடன் ஒன்றுகூடி, 256 மின்னழுத்த நிலைகளுள் ஒன்றைத் தருகின்றன. இச்சுற்றுக்கு ‘மின்தடை ஏணி’ என்பதில் யாருக்கும் மறுப்பிராது. மேல்பிட்டின் மின்தடை 1 விழுக்காடு பிசகினாலே, 127ஆம் நிலையிலிருந்து 128ஆம் நிலைக்கு ஏற வேண்டிய மின்னழுத்தம் சற்று இறங்கிவிடக்கூடும். ஆயினும் செலவு சொற்பம் என்பதால், கிழக்கு ஐரோப்பாவில் ஆர்வலர்கள் பலர் இதைத் தாமே பற்றவைத்துக்கொண்டனர்.

இதில் நினைவகம் கிடையாது. ஒலியை நொடிக்கு 8,000 மாதிரிகளாக (ஒவ்வொன்றும் ஒரு கணத்தின் ஒலியளவு) தரவேண்டும் என்றால், மையச் செயலி அத்தனை முறையும் கைவேலையை விட்டுவிட்டு ஓடிவந்து ஒரு பைட்டைத் துறையில் வைக்க வேண்டும். அப்பளுவைக் குறைக்கவே இதே வகைக் கருவியான டிஸ்னி சவுண்ட் சோர்சில் 16 பைட்டுத் தாங்ககம் (பைட்டுகளைச் சற்றுநேரம் சேர்த்துவைக்கும் சிறு நினைவகம்) சேர்த்தார்கள். ஆனால் அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 7,000 மாதிரிகள் என நிலைத்துவிட்டது. கம்பியில் தொங்கும் ஒலிபெருக்கிப் பெட்டியைக் காட்டி, அதைத் தனிவகை என்பாரும் உண்டு; பெட்டி துணைப்பொருள்தான், கணினியோடு சேரும் இடம் அதே துறை.

ஆகவே இக்கருவிகளுக்கு ‘ஒலிச்செருகி’ என்னும் சொல்லை முன்வைக்கிறேன். எண்ணை ஒலியாக மாற்றுவதால் ‘ஒலிமாற்றி’ எனலாமே எனில், அச்சொல்லைக் கோப்பு வடிவத்தை மாற்றும் மென்பொருள் என்றே இன்று பலர் கொள்வர். யூஎஸ்பியில் மாட்டும் ஒலிக்கருவிகளும் இப்பெயருக்குள் வந்துவிடுமே என்றால், தாராளமாக வரட்டும். பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் ‘இணைத்துறை ஒலிச்செருகி’ என அடைகொடுத்து எழுதலாம்.