நூற்புழுக் கரைசல் தெளித்தும் படைப்புழு சாகவில்லை, தவறு எங்கே?

கேள்வி:
வணக்கம். மக்காச்சோளத்தில் படைப்புழுவைக் கட்டுப்படுத்த, பூச்சிகளைக் கொல்லும் நுண்ணிய நூற்புழுக்கள் கலந்த கரைசலைக் காலை 10 மணிக்குத் தெளித்தேன். நான்கு நாள்கள் கழித்துக் குருத்தைப் பிரித்துப் பார்த்தால், மரத்தூள் போன்ற எச்சத்தின் நடுவே புழுக்கள் இன்னும் தின்றுகொண்டிருக்கின்றன. என்ன தவறு செய்தேன்?

மறுமொழி 1:
தெளித்த நேரமே முதற்காரணம் என்பது என் உறுதியான கருத்து. பூச்சிக்குள் நுழையும் இளம் பருவத்தில் (தொற்றும் பருவம்) நூற்புழு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நீளமே உள்ளது. வெயிலின் புற ஊதாக் கதிரும் வறட்சியும் அதை விரைவில் கொன்றுவிடும். பொழுது சாயும் வேளையில் குருத்துக்குள் நீர் தேங்கும்படி தெளித்தால், நூற்புழு படைப்புழுவின் வாய், மலவாய், சுவாசத் துளைகள் வழியாக உள்ளே நுழைந்து, தன் குடலில் சுமந்து வந்த பாக்டீரியாவை வெளியிடும். அந்தப் பாக்டீரியா பெருகுவதால் பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரத்தில் படைப்புழு இறந்துவிடும்.

மறுமொழி 2:
தெளிமுனையின் நுண்வடிகட்டியைக் கழற்றினீர்களா? அதில் நூற்புழுக்கள் சிக்கிக்கொள்ளும். தொட்டியை அவ்வப்போது கலக்காவிட்டால் அடியில் படிந்துவிடும்.

கேட்டவர்:
கழற்றவில்லை ஐயா. மீதமிருந்த கரைசலில் ஒரு துளியை இன்று உருப்பெருக்கியில் பார்த்தேன். பெரும்பாலானவை குச்சி போல நேராக, அசைவின்றிக் கிடக்கின்றன.

மறுமொழி 2:
அப்படியானால் அவை இறந்திருக்கவே வாய்ப்பு அதிகம். உயிருள்ளவை வெதுவெதுப்பான நீரில் சற்று நேரத்தில் வளைந்து நெளியும். புதிய கரைசலையும் தெளிப்பதற்கு முன் இவ்வாறே சோதியுங்கள்.