மறு: 'யா', 'பிட்ச்' இரண்டுக்கும் சொல் தேவை (வெள்ளிக்குள்)

செ.மு.:
நண்பர்களே, காற்றாலைப் பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, இரண்டு ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் கிடைக்காமல் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கோபுர உச்சியிலுள்ள தலை முழுவதும் காற்று வரும் பக்கம் திரும்புவது 'யா'. ஒவ்வொரு இறக்கையும் தன் நீளவாட்டு அச்சில் புரண்டு, மிஞ்சிய காற்றை நழுவவிடுவது 'பிட்ச்'. இரண்டுக்கும் 'திருப்பம்' என்று போட்டால் பிள்ளைகள் குழம்புவார்கள்.

அ.ந.:
வளி என்ற சொல் இருக்க ஏன் கவலை? 'வளிதொழில் ஆண்ட உரவோன்' என்று புறநானூறு பாய்மரக் கப்பலுக்கே சொல்லிவிட்டது. யா = வளிமுகங்கொளல். வளை, வளையம், வளி எல்லாம் ஒரே வேர், வளைந்து வளைந்து வீசுவதால் வளி என்பது என் துணிபு. வளாகத்தையும் இதில் சேர்க்கலாம், தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

கு.ரா.:
ஐயா, வளாகம் அப்புறம். 'வளி முதலா எண்ணிய மூன்று' என்று குறள் சொல்வது வாதத்தை, பிள்ளைகள் வாயுத்தொல்லை என்று நினைக்காமல் இருந்தால் சரி. காற்றும் தமிழ்தானே? வேலையிடத்தில் நாங்கள் 'யா மோட்டார்' என்றுதான் சொல்கிறோம். அது தலையை ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே போனால் கோபுரத்துக்குள் தொங்கும் கேபிள் முறுக்கிக்கொள்ளும், அப்போது எந்திரத்தை நிறுத்தி எதிர்ப்பக்கம் சுற்றி அவிழ்க்க வேண்டும். அதனால் 'முறுக்கு' மட்டும் வேண்டாம். இறக்கையிலேயே பிறவி முறுக்கு ஒன்று வேறு இருக்கிறது: நுனி வேகமாகவும் அடி மெதுவாகவும் சுற்றுவதால் கோணத்தை நீளவாக்கில் மாற்றிக்கொண்டே போய்ச் செய்திருப்பார்கள்.

த.வி.:
யா = முகந்திருப்பல்?

கு.ரா.:
முகத்தைத் திருப்பிக்கொள்வது கோபித்துக்கொண்டவர் செய்வது. இது நேருக்கு நேர் பார்ப்பதல்லவா!

த.வி.:
கிடைமட்டத் திருப்பம், சுருக்கி 'கிடைத்திருப்பம்'?

செ.மு.:
'கிடைத்திருப்போம்' என்று படிப்பார்கள். தலைத்திருப்பம், இறக்கைத்திருப்பம் என்று வைத்துக்கொள்ளட்டுமா? பழங்கதைக்கும் பொருந்துகிறது. 1745இல் எட்மண்ட் லீ காப்புரிமை வாங்கிய வால்விசிறியும் இதைத்தானே செய்தது? காற்று திசை மாறினால் பின்னாலிருக்கும் சின்னச் சக்கரம் சுழன்று, பல்சக்கரங்கள் வழியாகப் பெரிய இறக்கைகளைக் காற்றுக்கு எதிரே கொண்டுவந்துவிடும்.

கு.ரா.:
சரி.

த.வி.:
எனக்கும் சரி, தூக்கம் வருகிறது.

அ.ந.:
எனக்குச் சரியில்லை. பழைய ஐரோப்பியக் கம்ப ஆலையில் தலை மட்டும் திரும்பவில்லை. நடுக்கம்பத்தின் மேல் மாவரைக்கும் கல்லோடு ஆலை உடம்பே திரும்பியது, ஆலைக்காரர் பின்பக்க நீள்மரத்தைப் பிடித்துத் தள்ளுவார். அதைத் தலைத்திருப்பம் என்பீர்களா? ஈரானின் நஷ்டிஃபான் ஆலைகளில் அச்சே செங்குத்து, இறக்கைகளை எங்கும் திருப்ப வேண்டியதில்லை. வளிமுகங்கொளல் என்றால் எது திரும்பினாலும் செல்லும்.

செ.மு.:
கம்ப ஆலைக்கு 'உடம்போடு திரும்பும்' என்று தனி வரி சேர்த்துவிட்டேன், ஐயா. பாடம் அச்சுக்குப் போயாயிற்று. அடுத்து 'நசெல்', கோபுர உச்சியில் எந்திரங்களை அடக்கிய கூடு. தலை என்றே விடலாமா?

அ.ந.:
விடக்கூடாது.