அட்டை இல்லாத நூலை அடையாளம் காண உதவி வேண்டும்

மண்டபத்தில் இயங்கும் எங்கள் வாசிப்பு வட்டத்தில், கைக்கு எட்டும் நூலைத் திறந்து கண்ணில் படும் ஒரு வாக்கியத்தை ஒவ்வொருவரும் வாசிப்பது வழக்கம். சென்ற மாதம் நான் எடுத்த நூலில், முத்துச்சிப்பி படியும் கடலடித் திட்டுகளைப் ‘பார்’ என்று குறித்து, வாடைக்காற்று ஓய்ந்து கடல் தெளியும் பங்குனி, சித்திரையே முத்துக்குளிப்புக்கு உகந்த காலம் என்று எழுதியிருந்தது. அதைக் கேட்டவர்கள் முழு நூலையும் படிக்க விரும்புகிறார்கள். ஆனால் அட்டையும் முன்பக்கங்களும் இல்லை, பக்கத் தலைப்பிலும் நூற்பெயர் இல்லை.

லை, னை ஆகியவை பழைய துதிக்கை வடிவில் அச்சாகியுள்ளதால் 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியதாக இருக்கலாம். ஆயினும் சில அச்சகங்கள் பின்னரும் பழைய எழுத்துகளையே பயன்படுத்தியமையால் இதை உறுதியான சான்றாகக் கொள்ள இயலவில்லை. தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் தேடியும், கீழக்கரையில் பழைய நூல் சேகரிப்போரிடம் காட்டியும் விடை கிடைக்கவில்லை.

மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பைப் பற்றிய இந்நூலின் பெயரும் ஆசிரியரும் யாருக்கேனும் தெரியுமா?