மச்சினன் வீட்டு மேல தாழப் பறக்கணுங்கிறான், விடலாமா?

குமரன்_டாம்பா:
மச்சினன் பைலட் லைசென்ஸ் வாங்கிட்டான். செஸ்னா 172ன்னு ஒரு சின்ன விமானத்தை வாடகைக்கு எடுத்து ஓட்டுறான். இப்போ எங்க வீட்டு மேல தாழ வந்து ஒரு வட்டம் போடுவானாம், பசங்க கீழ நின்னு வீடியோ எடுக்கணுமாம். "வேகம் இருந்தா விமானம் விழாது"ங்கிறான். வீட்டம்மாவுக்கு அடிவயிறு கலக்குது. அவன் சொல்றது சரியா?

பறவைக்காரர்:
நான் ஃப்ளையிங் இன்ஸ்ட்ரக்டர். நேரா பறக்கிறவரைக்கும் அவர் சொல்றது சரி. வட்டம் போட இறக்கையைச் சாய்க்கணுமே! 60 டிகிரி சாய்ச்சு உயரம் குறையாம திருப்பினா, இறக்கை ரெண்டு மடங்கு எடை தாங்கணும். 50 நாட் (விமான வேக அளவு) வேகத்துல ஸ்டால் ஆகிற, அதாவது இறக்கை தூக்குற சக்தியை இழக்கிற விமானம் 70லேயே ஆகிடும். 3000 அடியில மூக்கை இறக்கித் தப்பிச்சுக்கலாம். 200 அடியில இறக்க இடம் ஏது?

இன்னொண்ணு, காத்து முதுகுல அடிச்சா தரை விறுவிறுன்னு ஓடும். வேகம் ஜாஸ்தின்னு நினைச்சு கை தானா த்ராட்டிலை, அதாவது இன்ஜின் சக்தியைக் குறைக்கும். பசங்க முகத்தைத் தேடுற கண்ணு ஏர்ஸ்பீடு முள்ளைப் பார்க்காது. கரண்ட் கம்பி வேற. மேலேர்ந்து கம்பி தெரியவே தெரியாது, கம்பத்தைத்தான் தேடணும்.

அமெரிக்கச் சட்டமும் விடாது. ஊருக்கு மேல பறந்தா, சுத்தி 2000 அடிக்குள்ள இருக்கிற உயரமான தடையைவிட 1000 அடி மேல இருக்கணும்.

மாம்பலம்_மணி:
சஞ்சய் காந்தி ஞாபகம் வருது. 1980 ஜூன் 23, டெல்லியில பிட்ஸ் எஸ்-2ஏ விமானத்துல சாகசம் பண்ணப் போய் விழுந்தார். கூட இருந்த கேப்டன் சக்சேனாவும் போயிட்டார்.

குமரன்_டாம்பா:
அனுபவம் வந்தப்புறம் பண்ணலாமா? லேசுல ஸ்பின் ஆகாத, அதாவது சுழண்டுக்கிட்டே விழாத விமானமெல்லாம் இருக்குங்கிறானே.

பறவைக்காரர்:
ஐகான் கம்பெனியோட ஏ5 விமானத்தைச் சொல்றார்போல. அந்தக் கம்பெனியோட தலைமைப் பொறியாளர் ஜான் கார்கோவே 2017 மே மாசம் கலிஃபோர்னியாவுல பெர்ரியெஸ்ஸா ஏரிகிட்ட ஏ5ல தாழப் பறந்து, முட்டுச்சந்து மாதிரி ஒரு பள்ளத்தாக்குல மாட்டினார். திரும்ப வழியில்லாம விமானம் மோதி, அவரும் கூட வந்தவரும் இறந்துட்டாங்க. அவரைவிட அந்த விமானம் தெரிஞ்ச ஆள் யாரு?

அதே வருஷம் நவம்பர் 7, ஃப்ளோரிடாவுல உங்க டாம்பா பக்கத்துக் கடல்ல பேஸ்பால் வீரர் ராய் ஹாலடே விழுந்து இறந்தார். அதுவும் ஏ5தான். தண்ணிக்கு 11 அடி மேல பறந்திருக்கார், வீடுகளுக்கு 75 அடி பக்கத்துல போயிருக்கார். ரத்தத்துல ஆம்ஃபெட்டமைன் இருந்ததையும் விசாரணை சொல்லுச்சு, மறைக்கல. ஆனா விழுந்தது அந்த உயரத்துல வித்தை காட்டினப்போ.

பசங்களை ஏர்போர்ட் வேலிகிட்ட கூட்டிட்டுப் போங்க. லேண்டிங்ல தலைக்கு மேலயே வருவார், நல்லா எடுக்கலாம்.

குமரன்_டாம்பா:
சனிக்கிழமை போறோம் சார். அவனுக்கு முகம் தொங்கிடுச்சு, அவங்க அக்காவுக்கு இப்பதான் சோறு இறங்குது.