பத்தால் வகுத்தால் கணக்கு முடிந்துவிடுமா?

பட்டறைக்காரர்:
ஐ.டி.ஐ. வேளாண் இயந்திர மெக்கானிக் பிரிவின் அகில இந்தியத் தொழிற்தேர்வுக்கு முப்பது நாள் திருப்புதல் திட்டம் என்று மேழி போட்டிருக்கும் அட்டவணையைப் படித்தேன். எஞ்சினுக்குப் பன்னிரண்டு நாள், ஹைட்ராலிக்குக்கு ஆறு நாள் என்று அள்ளிக் கொடுத்தவர், வயல் கொள்திறன் கணக்குக்கு, அதாவது ஒரு கருவி மணிக்கு எத்தனை ஹெக்டேர் முடிக்கும் என்ற கணக்குக்கு, ஒரே ஒரு மாலையை ஒதுக்கிவிட்டு, ‘வேகத்தை அகலத்தால் பெருக்கிப் பத்தால் வகுத்தால் முடிந்தது’ என்று எழுதியிருக்கிறார். அந்தப் பத்து எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி இல்லை. இதை நம்பிப் படிக்கிற பிள்ளைகளின் நிலை என்ன? அந்தக் கணக்குக்கு மூன்று நாளாவது வேண்டும்.

மேழி:
ஐயா, அட்டவணை தேர்வு எழுதுவோருக்காகப் போடப்பட்டது. பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்து உரை நிகழ்த்துவோருக்காக அல்ல. எழுத்துத் தேர்வில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்பது கொத்து கலப்பையின் வேலை அகலம் 2 மீட்டர், டிராக்டரின் வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர். பெருக்கிப் பத்தால் வகுத்தால் மணிக்கு 1 ஹெக்டேர். வரப்போரம் திரும்புவதிலும் உழுத சால்மேல் மறுபடி ஏறுவதிலும் போகிற நேரத்தைக் கழித்துத் திறனை 80 விழுக்காடு என்று வைத்தால் 0.8 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய இரண்டு ஏக்கர். அரை நிமிடக் கணக்குக்கு மூன்று நாளா?

சொட்டுநீர்:
நீங்கள் இருவரும் எதைப் பேசுகிறீர்கள் என்றே எனக்கு விளங்கவில்லை. வயல் கொள்திறன் என்பது, பாய்ச்சிய நீரில் மிகுதி வடிந்த பிறகு, இரண்டு மூன்று நாள்கள் கழித்து மண் தன்னிடம் பிடித்து வைத்திருக்கும் ஈரம். டிராக்டரின் வேகத்தை மண்ணின் ஈரத்துக்குள் கொண்டுவந்து பத்தால் வகுக்கும் வித்தையை உங்களுக்கு எந்த ஆசிரியர் கற்றுக்கொடுத்தார்?

பட்டறைக்காரர்:
அந்தப் பத்தின்மேல் ஐயம் எனக்கு மட்டுமல்ல என்பதை சொட்டுநீர் உறுதி செய்துவிட்டார். இப்போது மேழி கவனிக்கட்டும். மணிக்கு 1 கிலோமீட்டர் வேகத்தில் 1 மீட்டர் அகலம் உழுதால் ஒரு மணி நேரத்தில் 1,000 சதுர மீட்டர் முடியும். ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர். ஆகவேதான் பத்தால் வகுக்கிறோம். வேகத்தை வினாடிக்கு 1.25 மீட்டர் என்றும் அகலத்தை 180 சென்டிமீட்டர் என்றும் கொடுத்தால் உங்கள் மாணவர் என்ன செய்வார்? 1.25-ஐ 1.8-ஆல் பெருக்கி 2.25 என்பார், பத்தால் வகுத்து 0.225 என்பார், வினா எழுதியவரும் அதை எதிர்பார்த்து முதல் விடையாகவே வைத்திருப்பார். உண்மையில் மணிக்கு 3,600 வினாடி, அதை 10,000-ஆல் வகுத்தால் 0.36; 2.25-ஐ அந்த 0.36-ஆல் பெருக்க வேண்டும், விடை மணிக்கு 0.81 ஹெக்டேர்.

மேழி:
அலகை மாற்றிக்கொண்டு கணக்குப் போடுவது பள்ளிக்கூடத்திலேயே படித்தது. அதையும் அட்டவணையில் எழுதினால், பேனாவைத் திறந்துகொண்டு எழுதவும் என்றும் சேர்த்து எழுத வேண்டியிருக்கும்.

இரண்டாமாண்டு:
அண்ணா, எனக்குத் தேர்வுக்கு இன்னும் 24 நாள்களே இருக்கின்றன. மாலையில் இரண்டு மணி நேரம்தான் படிக்க முடிகிறது. எழுத்துப் பாடங்களுக்கு 33 விழுக்காடு போதும் என்றாலும் செய்முறைக்கு 60 விழுக்காடு வேண்டும். டீசல் லைனில் ஏர்லாக், அதாவது உள்ளே சிக்கிய காற்றை, எடுக்கும்போது, ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தாமல் நேரே இன்ஜெக்டர் நட்டில் ஸ்பேனரை வைத்துவிடுகிறேன். சார் ஒவ்வொரு முறையும் திட்டுகிறார். இதற்கு எத்தனை நாள் ஒதுக்கலாம்?

பட்டறைக்காரர்:
தம்பி, முதலில் ஃபில்டர் திருகு, கைப்பம்பை அடித்து, நுரையில்லாமல் டீசல் வரும்போது அதை முடுக்க வேண்டும், பிறகு பம்பின் திருகு, கடைசியில்தான் இன்ஜெக்டர். மற்றதைப் பிறகு பார்ப்போம். உங்களை இப்படித் தவிக்க விட்டது யாருடைய அட்டவணை என்பதை யோசியுங்கள். இதே மேழிதான் சென்ற ஆண்டு, டிராக்டரிலிருந்து கருவிக்குச் சுழற்சி தரும் பிடிஓ ஷாஃப்டில், நிமிடத்துக்கு 540 சுற்று வகைக்கு 21 ஸ்பிளைன் (தண்டின் மேலுள்ள பல்) என்று எழுதினார். 540-க்கு 6, 1,000-க்குத்தான் 21 என்று நான் திருத்தியபோது ஒரு நன்றி கூடச் சொல்லவில்லை. எதையும் எண்ணிப் பார்க்காமல் மனப்பாடம் செய்பவருக்கு ஸ்பிளைனும் ஒன்றுதான், பத்தும் ஒன்றுதான்.

மேழி:
அது தட்டச்சுப் பிழை என்று அன்றைக்கே சொன்னேன். ஓராண்டாக அந்த 21-ஐ மடியில் கட்டிக்கொண்டு திரிகிறவர் மனப்பாடத்தைப் பழிப்பது வேடிக்கை. செய்முறைத் தேர்வை இரண்டாம் முறையில் தேறியவர் யார் என்றும் இங்கே சிலருக்குத் தெரியும்.

பட்டறைக்காரர்:
ஆம், இரண்டாம் முறைதான் தேறினேன். முதல் முறை, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜைத் தவறாகப் பிடித்து, எஞ்சின் வால்வின் டேப்பெட் இடைவெளியில் கோட்டை விட்டேன். அதனால்தான் எது எங்கே காலை வாரும் என்று எனக்குத் தெரிகிறது. ஐ.டி.ஐ. பாடநூல்களை வெளியிடும், கிண்டியிலுள்ள நிமி நிறுவனத்தின் வினா வங்கியை ஒருமுறை புரட்டிவிட்டுத் திருப்புதல் முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு இது விளங்காது. இழுவைத் திறனைக் குதிரைத்திறனில் காணும் கணக்கிலும் இதே கதைதான்: கிலோகிராம் விசையை வினாடிக்கு மீட்டரால் பெருக்கினால் 75-ஆல் வகுக்க வேண்டும், மணிக்குக் கிலோமீட்டரால் பெருக்கினால் 270-ஆல் வகுக்க வேண்டும். 75-ஐ 3.6-ஆல் பெருக்கினால் 270 வரும் என்று ஒரு மாலை உட்கார்ந்து போட்டுப் பார்த்தவன் இரண்டையும் மறக்கமாட்டான். மேழியின் அட்டவணையில் அந்த மாலை எங்கே இருக்கிறது?

மேழி:
பதினேழாம் நாள். படித்துப் பார்த்துவிட்டுப் பேசவும்.

பட்டறைக்காரர்:
பதினேழாம் நாளில் ‘சூத்திரங்கள்’ என்ற ஒற்றைச் சொல்தான் இருக்கிறது. பத்து எங்கிருந்து வந்தது என்பது அங்கேயும் இல்லை.

சொட்டுநீர்:
களிமண்ணின் வயல் கொள்திறன் மணற்பாங்கான மண்ணைவிட அதிகம். இருவரில் ஒருவர்கூட மண் வகையைக் குறிப்பிடாமல் 0.81 என்று எப்படித்தான் கண்டுபிடித்தீர்கள்?

மேழி:
இதற்கு பட்டறைக்காரரே விடை சொல்லட்டும், அவருடைய கூட்டாளிதானே.

இரண்டாமாண்டு:
180 சென்டிமீட்டர் கணக்கை மூன்று முறை போட்டேன், 0.81 வருகிறது. ஏர்லாக்குக்கு எத்தனை நாள் என்று மட்டும் யாராவது சொல்லுங்கள் அண்ணா.

பட்டறைக்காரர்:
சொல்கிறேன் தம்பி. அதற்கு முன்னால், பத்து எங்கிருந்து வந்தது என்பதை மேழி தம் அட்டவணையில் எழுதிச் சேர்க்கட்டும்.