கிங்டம் டெத் மான்ஸ்டர்: அஞ்சு எக்ஸ்பான்ஷன் கையில் இருக்கு, எதை எப்படிச் சேர்ப்பது?

லாந்தர்7

வணக்கம். கிங்டம் டெத் மான்ஸ்டர் பலகை ஆட்டத்தின் கோர் பெட்டி (1.5 பதிப்பு) மட்டும் வைத்து 'பீப்பிள் ஆஃப் த லான்டர்ன்' கேம்பெயினை (பல நாள் தொடரும் ஆட்டம்) முடித்தாயிற்று. 20-ஆம் லாந்தர் ஆண்டில் (ஆண்டு என்பது ஆட்டத்தின் ஒரு சுற்று) வாட்சர் என்ற எதிரியை நாங்கள் அடித்தோம், 25-இல் கோல்டு ஸ்மோக் நைட் எங்களை அடித்தார். ஆடுவது நாலு பேர்.

அடுத்ததற்கு கோர்ம், ஃபிளவர் நைட், டங் பீட்டில் நைட், மேன்ஹண்டர், டிராகன் கிங் ஆகிய ஐந்தும் பிரிக்காமல் இருக்கின்றன. கேட்க வேண்டியவை மூன்று. ஐந்தையும் ஒரே கேம்பெயினில் கொட்டலாமா? ஒரு நாள் ஆட்டம் அஞ்சு மணி நேரம் இழுக்கிறது, அதில் பாதிக்கு மேல் சண்டையே இல்லை. அதைக் குறைக்க என்ன வழி? மினியேச்சர்களை முழுக்க ஒட்டி முடித்துவிட்டுத் தொடங்குவதா? சர்வைவர் (நாம் ஆடும் ஆள்) கைகளுக்குக் காந்தம் வைத்தால் ஆயுதத்தை மாற்றி மாற்றி மாட்டலாம் என்று ஒரு யோசனையும் ஓடுகிறது.

---

ஒன்பதுகட்டம்

கொட்டாதீர்கள். ஐந்தையும் சேர்த்தால் ஆட்டம் பெரிதாகாது, நீர்த்துப்போகும். கணக்குப் போட்டால் தெரியும்.

முதல் நிலை ஒயிட் லயனை வீழ்த்தினால் கிடைப்பது 4 பொதுப் பொருள், 4 சிங்கப் பொருள். ஒரு முழுக் கவசம் என்பது தலை, உடல், கை, இடுப்பு, கால் என ஐந்து துண்டு. நாலு பேருக்கும் என்றால் 20 துண்டு. ஆயுதம், இன்னொவேஷன் (குடியிருப்புக்கான புதுக் கண்டுபிடிப்பு) செலவு எல்லாம் அதற்கு மேல். நெமெசிஸ் (தானே தேடி வரும் எதிரி) வந்து நிற்கும் ஆண்டில் வேட்டைக்கும் போக முடியாது (4-ஆம் ஆண்டு புட்சர், 9-ஆம் ஆண்டு கிங்ஸ் மேன் என்று உங்களுக்கே தெரியும்). எனவே 20 ஆண்டு என்றால் 20 வேட்டை கிடையாது. இருக்கிற வேட்டைகளை ஏழு மிருகத்துக்குப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் இரண்டு துண்டு கவசம் தேறும், செட் போனஸ் (முழுக் கவசத்துக்கான கூடுதல் பலன்) ஒருவருக்கும் வராது. நடு ஆட்டத்தில் "இத்தனை பொருள் இருக்கு, ஒண்ணும் செய்ய முடியலையே" என்று உட்கார்ந்திருப்பீர்கள்.

அதனால் கூட்டாதீர்கள், மாற்றுங்கள். இந்தக் கேம்பெயினில் குவாரிகள் (வேட்டை மிருகங்கள்) மூன்று படிகளில் நிற்கின்றன. முதல் படியில் ஒயிட் லயன், கோர்ம். இரண்டாவதில் ஸ்கிரீமிங் ஆன்டிலோப், ஃபிளவர் நைட், ஸ்பிடிக்யூல்ஸ். மூன்றாவதில் ஃபீனிக்ஸ், டங் பீட்டில் நைட். பின்னால் வந்த கேம்ப்ளர்ஸ் செஸ்ட் எக்ஸ்பான்ஷன் இதையே 'நோட்' என்று பெயர் வைத்து முறைப்படுத்தியது. ஒரு படிக்கு ஒன்று, மிஞ்சினால் ஒரே ஒரு படியில் மட்டும் இரண்டு. அவ்வளவுதான்.

உங்கள் கையில் இருப்பதில் என் தேர்வு: முதல் படியில் சிங்கமும் கோர்மும், இரண்டாவதில் ஆன்டிலோப் அப்படியே, மூன்றாவதில் ஃபீனிக்ஸை எடுத்துவிட்டு டங் பீட்டில் நைட். ஃபீனிக்ஸ் சர்வைவர்களின் வயதோடு விளையாடுவது முதல் தடவை சுவாரசியம், இரண்டாவது கேம்பெயினில் எரிச்சல்.

ஃபிளவர் நைட் சண்டை அழகானது, ஆனால் ஆன்டிலோப் இடத்தில் அதை வைக்கும்முன் ஒன்றைப் பாருங்கள்: அதில் ஐந்து துண்டு முழுக் கவசம் கிடையாது. ஆயுதங்களும் துணைப் பொருட்களும்தான். ஆன்டிலோப்பைத் தூக்கினால் ஸ்கிரீமிங் கவசம் போய்விடும், அந்த இடம் காலியாகவே இருக்கும். நடு ஆண்டுகளில் சாவு கூடுவதற்குக் காரணம் அங்கேதான்.

டிராகன் கிங்கை இந்தக் கேம்பெயினில் சேர்க்காதீர்கள். அந்தப் பெட்டியிலேயே 'பீப்பிள் ஆஃப் த ஸ்டார்ஸ்' என்று தனி டைம்லைனுடன் தனிக் கேம்பெயின் இருக்கிறது. அதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். மேன்ஹண்டர் நெமெசிஸ் வகை. நாலு பேரும் கவசம் போட்டு நிற்கும் குழு என்றால் சேர்க்கலாம், இல்லையென்றால் அதுவும் அடுத்ததற்கு.

---

பசைவிரல்

மினியேச்சர் பக்கம் நான்.

கைகளுக்குக் காந்தம் வேண்டாம். சர்வைவர் தோள் மூட்டு மிகச் சிறியது, 2 மி.மீ. காந்தத்துக்குத் துளை போட்டாலே சுவர் காகிதம் மாதிரி ஆகிவிடும். கவசக் கிட் ஒவ்வொன்றிலும் கையும் உடலும் ஒரு குறிப்பிட்ட நிலைக்குப் பொருந்தும்படி வெட்டப்பட்டவை. ஒரு கிட்டின் கையை இன்னொன்றின் உடம்பில் மாட்டினால் இடைவெளி விழும். ஒரு கவசத்துக்கு ஆண் ஒன்று, பெண் ஒன்று, ஆயுதம் எதுவானாலும் சரி என்று ஒட்டுங்கள். மேசையில் யாரும் ஆயுதத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிப்பதில்லை, கவசத்தைப் பார்த்துத்தான்.

காந்தம் பயன்படும் இடம் அடித்தட்டு. 30 மி.மீ. தட்டின் அடியில் 5 மி.மீ. விட்டம், 1 மி.மீ. தடிமன் வட்டக் காந்தம் ஒன்றைச் சூப்பர் குளூவால் ஒட்டி, இரும்புத் தகடு பதித்த பெட்டியில் நிறுத்துங்கள். கனமான மிருகங்களுக்கு மூன்று நாலு. காந்தம் தட்டின் விளிம்பைத் தாண்டித் துருத்தக் கூடாது, துருத்தினால் பலகையில் ஆடும். இரும்புப் பெட்டி மட்டும் என்றால் எந்தப் பக்கம் மேலே இருந்தாலும் பரவாயில்லை. காந்தத்துக்கு எதிரே காந்தம் வைப்பதாக இருந்தால் முதல் காந்தத்தின் மேல் பக்கத்தில் மார்க்கர் புள்ளி வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுங்கள்.

ஒட்டுவது: இந்த மினியேச்சர்கள் கெட்டி பாலிஸ்டைரீன். பிளாஸ்டிக் சிமென்ட் இரண்டு பரப்பையும் கரைத்து ஒன்றாக்கும். அதனால்தான் பிரைமர் (வர்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) பூசிய பரப்பில் அது பிடிக்காது. ஏற்கெனவே பூசியிருந்தால் ஒட்டும் இடத்தில் மட்டும் சுரண்டி எடுத்துவிடுங்கள். ஸ்ப்ரூவிலிருந்து (துண்டுகள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) பக்கவெட்டுக் கட்டரால் எடுக்கும்போது உடம்பை ஒட்டி ஒரேயடியாக வெட்டாதீர்கள். ஒரு மி.மீ. விட்டு வெட்டி, பிறகு கத்தியால் செதுக்குங்கள். ஒட்டி வெட்டினால் பிளாஸ்டிக் கிழிந்து குழி விழும், மெல்லிய விரல் நுனிகள் உடையும். ஒயிட் லயனின் பாதங்கள் மனிதக் கைகள் மாதிரி என்பதால் அங்கேதான் அதிகச் சேதம் நடக்கும்.

எல்லாவற்றையும் முழுதாக ஒட்டிவிட்டு வர்ணம் அடிப்பதும் தவறு. ஆன்டிலோப்பின் வயிற்றில் பல்வரிசையோடு ஒரு வாய் இருக்கிறது அல்லவா? பாறையோடு ஒட்டிவிட்டால் தூரிகை உள்ளே போகாது. உடம்பு தனி, தட்டு தனி என்று வர்ணம் அடித்துக் கடைசியில் சேருங்கள். சேரும் பரப்புகளில் சின்னத் துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டால் பிரைமர் படாது, பிறகு சிமென்ட் பிடிக்கும்.

ஸ்பிரே பிரைமரை 20 முதல் 25 செ.மீ. தூரத்திலிருந்து, பொருளுக்கு வெளியே தொடங்கி வெளியே முடித்து, மெல்லிய இரண்டு கோட். ஈரக் காற்றில் அடித்தால் பரப்பு மணல் தூவியது போல் ஆகும். ரொம்பத் தூரத்திலிருந்து அடித்தாலும் வர்ணம் வழியிலேயே உலர்ந்து அதே மணல்தான். இரண்டுக்கும் அறிகுறி ஒன்று என்பதால் பலர் குப்பியைக் குறை சொல்வார்கள்.

எவ்வளவு ஒட்டிவிட்டுத் தொடங்குவது என்றால், முதல் மூன்று ஆண்டுக்குத் தேவையானது போதும்: சிங்கம், கோர்ம், ஆன்டிலோப், கவசமில்லாத நாலு பேர், ராஹைட் கவசக் கிட். புட்சர் நாலாவது ஆண்டு வருகிறார், அதற்குள் அவரை ஒட்டிக்கொள்ளலாம்.

---

பத்தில்ஒன்று

ஒன்பதுகட்டம் சொன்னதில் ஒன்றில் எனக்கு மாறுபாடு. சிங்கமும் கோர்மும் இரண்டும் இருந்தால் தொடக்கம் ரொம்ப இளகிவிடும். பொருள் வகை கூடுகிறது, கோர்மரி, கோர்ம்கெமிஸ்ட் என்று இரண்டு இடமும் கூடுகிறது. 20-ஆம் ஆண்டு தாண்டிய குழுவுக்கு அது தேவையில்லை. புரோலாக்கில் (தொடக்கச் சண்டை) எப்படியும் சிங்கம்தான். அதற்குப் பிறகு கோர்மை மட்டும் வையுங்கள் என்பேன்.

இனி நேரம். அஞ்சு மணி நேரத்துக்குக் காரணம் மூன்று இடத்தில் இருக்கும்.

ஒன்று, ஏ.ஐ. கட்டு (மிருகம் என்ன செய்யும் என்று சொல்லும் அட்டைகள்) கட்டுவது. பேசிக், அட்வான்ஸ்டு, லெஜண்டரி மூன்றையும் ஒரே பையில் போட்டு வைத்தால் ஒவ்வொரு முறையும் பிரிக்க வேண்டும். மிருகத்துக்கு ஒரு பெட்டி, உள்ளே மூன்று பிரிவு, நாலாவதாக ஹிட் லொக்கேஷன் (அடி எங்கே படுகிறது என்று சொல்லும் அட்டைகள்), ஐந்தாவதாக அதன் பொருள் அட்டை. முதல் நிலை சிங்கம் என்றால் பேசிக் 7, அட்வான்ஸ்டு 3 என்று எண்ணி எடுத்துக் கலைத்தால் வேலை முடிந்தது. சண்டை முடிந்ததும் அதே பிரிவுக்குத் திருப்புவதை யாராவது ஒருவர் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அடுத்த வாரம் பழைய கதைதான்.

சும்மா கேட்கிறேன், காயம் பட்டால் ஏ.ஐ. அட்டையை எங்கே வைக்கிறீர்கள்? சண்டை இழுக்கிறது என்று சொல்லும் குழுக்களில் பாதி அதை டிஸ்கார்டில் (ஆடி முடித்த அட்டைக் குவியல்) போட்டுவிடுகின்றன. கட்டு தீர்ந்ததும் டிஸ்கார்டைக் கலைத்துத் திரும்ப வைப்பதால் மிருகம் சாகவே சாகாது. காயத்தில் போன அட்டை தனிக் குவியல், அந்தச் சண்டையில் திரும்ப வராது. பத்தும் போன பிறகு இன்னொரு காயம், அப்போதுதான் விழும். ஹிட் லொக்கேஷனில் டிராப் (பொறி அட்டை) வந்தால் மட்டும் அந்த டிஸ்கார்டோடு சேர்த்து முழுக்கக் கலைக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம்.

இரண்டாவது இழுவை செட்டில்மென்ட், அதாவது சண்டைக்குப் பிறகு குடியிருப்பைக் கவனிக்கும் கட்டம். சண்டையும் பொருள் எடுப்பதும் முடிந்ததும் அன்றைய ஆட்டத்தை நிறுத்துங்கள். கிடைத்த பொருட்களைப் பரப்பி ஒரு படம். எதைச் செய்வது, எண்டெவர் (குடியிருப்பில் செலவழிக்கும் செயல் புள்ளி) எங்கே போடுவது என்ற விவாதத்தை வாரத்தில் போனிலேயே முடித்துவிடலாம். பகடை உருட்ட வேண்டியதை, குறிப்பாக செட்டில்மென்ட் ஈவன்டையும் இன்டிமசியையும் (குழந்தை பெறும் நிகழ்வு), மேசைக்கு வையுங்கள். அதைப் போனில் உருட்டினால் ஆட்டத்தின் பாதி ருசி போய்விடும். விவாதத்துக்கு முன்பே ஒரு எலும்பு, ஒரு உறுப்பு, ஒரு தோல் ஆகியவற்றை இன்னொவேட் செய்ய ஒதுக்கிவிடுங்கள். அதை ஒதுக்காமல் பேசத் தொடங்கினால் மூன்றும் யாருடைய கையுறைக்கோ போயிருக்கும்.

மூன்றாவது, கியர் கிரிட் (ஒருவரின் பொருட்களை அடுக்கும் கட்டம்) நிரப்புவது. ஒன்பது கட்டத்தில் ஐந்து கவசம் போனால் மிச்சம் நாலு. அந்த நாலுக்குத்தான் எல்லா அடிதடியும், விளிம்புகளில் சிவப்பு, பச்சை, நீலம் பொருத்தும் புதிரும் அங்கேதான். நன்றாக அமைந்த கிரிட்டைப் படம் எடுத்து "முன்னே நிற்பவர்", "வில்", "கட்டு பார்ப்பவர்" என்று பெயர் போட்டு வையுங்கள். ஆள் செத்தாலும் கிரிட் சாகாது, அடுத்த ஆள் அப்படியே போட்டுக்கொள்வார்.

---

லாந்தர்7

மூவருக்கும் நன்றி. காய அட்டை சரியாகத்தான் வைக்கிறோம், டிராப் வந்தபோது கலைக்காமல் விட்டிருக்கிறோம்.

ஒரு சந்தேகம். சிங்கத்தை எடுத்துவிட்டால் கேட் ஐ சர்க்லெட் (சிங்கப் பொருளில் செய்யும் தலையணி) செய்ய முடியாதே? எங்கள் குழுவின் பாதி பலமே அதுதான். இன்னொன்று, எக்ஸ்பான்ஷன் அட்டைகளைப் பொதுக் கட்டில் கலந்தால் கேம்பெயின் முடிந்ததும் பிரிப்பது எப்படி?

---

ஒன்பதுகட்டம்

அதே காரணத்தால்தான் சிங்கத்தை விட்டு வைத்தேன். சர்க்லெட் அடுத்த மூன்று ஹிட் லொக்கேஷனைப் பார்த்து வரிசை மாற்ற விடும், டிராப் எங்கே என்று தெரிந்துவிடும். ராஹைட் ஹெட்பேண்ட் ஏ.ஐ. கட்டின் மேல் இரண்டைப் பார்க்க விடும். மோசமான அட்டையை மேலே வைத்துவிட்டுக் காயப்படுத்தினால் அது ஆடாமலேயே போய்விடும். இரண்டும் ஒரே குழுவில் இருந்தால் மிருகத்துக்குச் சொந்த புத்தியே கிடையாது. பத்தில்ஒன்று சொல்வதுபோல் சிங்கத்தை எடுத்தால் சர்க்லெட் போகும், ஆட்டம் கடினமாகும். அந்தக் கடினம் உங்களுக்கு வேண்டுமா என்பதுதான் கேள்வி. நடுவழியும் உண்டு: புரோலாக் சிங்கத்தில் 'ஐ ஆஃப் கேட்' அட்டை வந்தால் அதைச் செலவழிக்காமல் வையுங்கள். வராவிட்டால் அந்தக் கேம்பெயின் சர்க்லெட் இல்லாமல்தான்.

பிரிப்பது பெரிய வேலையில்லை. எக்ஸ்பான்ஷன் அட்டைகளில் அதனதன் சின்னம் அச்சிட்டிருக்கும். மிருகத்தின் ஏ.ஐ., ஹிட் லொக்கேஷன், பொருள் எல்லாம் தனிக் கட்டு, அவை கலக்கவே கலக்காது. கலப்பது ஃபைட்டிங் ஆர்ட், டிஸ்ஆர்டர், செட்டில்மென்ட் ஈவன்ட், இன்னொவேஷன் போன்ற பொதுக் கட்டுகள்தான். கலக்கும் முன் எந்தக் கட்டில் எத்தனை சேர்த்தீர்கள் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பெட்டி மூடியின் உள்ளே ஒட்டுங்கள். திரும்ப எண்ணும்போது ஒன்று குறைந்தால் செத்துப்போன சர்வைவரின் தாளுக்கு அடியில் தேடுங்கள்.

---

பசைவிரல்

சிலீவ் போடுவதாக இருந்தால் கலக்கும் முன் போடுங்கள், பின்பக்கம் ஒளி ஊடுருவாத வகை. பழைய கோர் அட்டைகள் தேய்ந்திருக்கும், புதியவை பளபளக்கும், சிலீவ் இல்லாமல் கலைத்தால் டிராப் எது என்று இல்லாவிட்டாலும் புது ஈவன்ட் எது என்று முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம். கியர் அட்டைகள் சின்னச் சதுரம், மற்றவற்றின் அளவு வேறு. வாங்கும் முன் ஸ்கேலால் அளந்துவிடுங்கள். ஒரே கட்டில் பாதிக்கு ஒரு வகை, மீதிக்கு இன்னொரு வகை சிலீவ் என்று மட்டும் போடாதீர்கள்.